அச்சு ஆடாத கிரைண்டர்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில், காலைச் சாப்பாட்டு மண்டபத்தில், பதினொரு வருடமாக நான் கோப்பி போடுகிறேன். போடுகிறேன் என்றால் ஒரு பொத்தானை அமுக்குகிறேன். மேலே கொட்டையைக் கொட்டினால் கீழே கோப்பி வரும். இடையில் நடப்பது மெஷினுக்கும் கடவுளுக்கும் தெரிந்த விஷயம். சட்டையில் குத்தியிருக்கும் பட்டையில் என் பதவி 'பரிஸ்டா' என்று இருக்கிறது. என் மனைவி அதை முதன்முதலில் வாசித்துவிட்டு, ஹோட்டலில் உங்களுக்குப் பாரிஸ்டர் மாதிரி வழக்குப் பேசுகிற வேலையா என்று கேட்டாள். அவள் வந்தாறுமூலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர். எதையும் சரி பிழை பார்க்காமல் விடமாட்டாள்.

போன வருடம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இரண்டு கிழமை வந்து தங்கினார். தினமும் காலையில் என் கோப்பியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் அதை ரசனை என்று நினைத்தேன். போகிற அன்று ஒரு பொதியை என் கையில் வைத்து, தோளில் தட்டி, இதை வீட்டில் போட்டுக் குடி, உண்மையான கோப்பி எப்படி இருக்கும் என்று தெரியும் என்றார். அவர் இரண்டு கிழமையாகக் கண்ணை மூடிக்கொண்டது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பொதிக்குள் இருந்தது அரை கிலோ கோப்பிக் கொட்டை. வறுத்தது, எண்ணெய்ப் பளபளப்போடு, முழுசு முழுசாக.

எங்கள் வீட்டில் குடிப்பது தேத்தண்ணி. தடிமன் வந்து மூக்கடைத்தால் மட்டும் சுக்கும் மல்லியும் போட்ட கோப்பி. பதினொரு வருட பரிஸ்டாவின் குசினியில் கோப்பி அரைக்க ஒரு சாமானும் கிடையாது. பிளெண்டரில் அரைக்கலாம் என்றேன். அதில்தான் தேங்காய்ச் சம்பல் அரைக்கிறேன், கோப்பி வாசம் ஏறினால் சம்பலை நீங்களே தின்ன வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால் ஒரு பிடி கொட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு மில்லுக்குப் போனேன். மில்காரர் கொட்டையை மோந்து பார்த்து, மல்லி எவ்வளவு சேர்க்கிறது என்று கேட்டார். ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு முன்னால் அந்த மெஷினில் அரைபட்டது யாரோ ஒருவருடைய கல்யாண வீட்டு மிளகாய். அன்று பின்னேரம் உண்மையான கோப்பியைக் குடித்தேன். மூக்கிலும் கண்ணிலும் தண்ணி ஓடியது. வெள்ளைக்காரக் கிழவருக்கு நான் கொடுத்ததை விட இது மோசமாக இருக்க முடியாது என்று நினைத்தேன். இருந்தது.

அதற்குப் பிறகுதான் கையால் சுத்துகிற கிரைண்டர் ஒன்று வாங்குகிற எண்ணம் வந்தது. போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். தாடி வைத்த மனிதர்கள் ஒரு கிரைண்டரைக் கையில் ஏந்தி, பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் பேசினார்கள். மலிவானது என்று அவர்கள் காட்டியது எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயரும் போட்டு மிச்சம் வருகிற விலை. ஒருவர் கொட்டையை எண்ணிப் போட்டார். இன்னொருவர் கொட்டைக்குத் தண்ணி தெளித்தார், ஆசீர்வாதம் மாதிரி. என் மனைவி பக்கத்தில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்டாள். ஒரு கோப்பைக்கு எவ்வளவு நேரம் சுத்த வேண்டும், கழட்டித் துடைக்கலாமா, உடைந்தால் ஆர் திருத்துவது. தாடிக்காரர்கள் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டு வாங்குங்கள் என்றாள்.

நான் கண்டுபிடிக்காமலே வாங்கினேன். இருப்பதில் மலிவான ஒன்று, கீழே கண்ணாடிப் போத்தல், மேலே கைபிடி, உள்ளே வெள்ளைப் பீங்கானில் பல். படத்தில் பார்க்க அழகாக இருந்தது. அது வந்த அன்றே அரைத்தேன். கைபிடி ஒவ்வொரு நாலாம் சுற்றிலும் கழன்று கையோடு வந்தது. ஹோட்டலில் மூடி வெடித்ததென்று கழித்த ஒரு கோப்பிக் குடுவையை நான் கொண்டுவந்திருந்தேன். கண்ணாடிக் குடுவையில் தூளைப் போட்டுச் சுடுதண்ணி ஊற்றி, மேலிருந்து கம்பி வலை வடியால் அமுக்குகிற சாமான். அதற்குத் தூள் பருமனாக இருக்க வேண்டும். நான் பருமனாக வைத்து அரைத்ததில் பாதி கல்லாகவும் பாதி மாவாகவும் வந்தது. மாவு வடியைத் தாண்டி வந்து கோப்பையின் அடியில் குந்தியது. கல் ருசி ஒன்றும் கொடுக்காமல் மிதந்தது.

வாங்கியவன் நானாகையால், அருமை என்றேன். அவள் ஒரு மிடறு குடித்தாள். இரண்டாவது மிடறு குடிக்கவில்லை.

"வாவித் தண்ணிய இறைச்சு வச்ச மாதிரி இருக்கு," என்றாள்.

ஒரு கிழமை நான் அந்த வாவித் தண்ணியைத் தனியாகக் குடித்தேன். ஆண்பிள்ளையின் ரோசம் எவ்வளவு கசப்பானது என்று அந்தக் கிழமை அறிந்துகொண்டேன். எட்டாம் நாள் கிரைண்டரைப் பையில் போட்டுக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். அங்கே வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிற ஒருவர் இருக்கிறார். என்னை விட வயதில் குறைந்தவர், கிரீஸ் படாத விரல் ஒன்றும் அவரிடம் இல்லை. கைபிடியை மட்டும் இறுக்கித் தந்தால் போதும் என்று கேட்டேன்.

அவர் கைபிடியைப் பார்க்கவே இல்லை. போத்தலைக் கழற்றி வைத்துவிட்டு, நடுவில் இருந்த இரும்புத் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். அது விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

"அண்ணன், இத ஆரு உங்களுக்குத் தந்த?"

வாங்கினேன் என்றேன். விலை கேட்டார். சொன்னேன். கிரைண்டரை இரண்டு கையாலும் ஏந்தி ஒரு துணியில் மெதுவாகக் கிடத்தினார். செத்த வீட்டில்தான் அப்படிக் கிடத்துவார்கள்.

பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார். தண்டை மேலே ஒரு இடத்தில் மட்டும்தான் பிடித்திருக்கிறது. கீழே பிடி இல்லை. நைசாக அரைக்கிறபோது உள்பல்லும் வெளிப்பல்லும் நெருங்கி இருப்பதால் அவ்வளவாகத் தெரியாது. பருமனாக வைக்க வைக்க உள்பல் இறங்கிவிடும், கிறுகிச் சுத்துகிற நேரம் ஒரு பக்கம் சாயும். சாய்ந்த பக்கத்தில் மாவு, மற்றப் பக்கத்தில் கல்.

"எஞ்சினெண்டாலும் இதெண்டாலும் ஒண்டுதான். தண்ட மேலயும் கீழயும் பேரிங் பிடிக்க வேணும். இல்லாட்டி நீங்க தங்கத்தால பல்லுப் போட்டாலும் சரிவராது."

தம்பிக்குக் கோப்பி பிடிக்குமா என்று கேட்டேன். வாயில் வைக்கமாட்டேன், நெஞ்செரிவு என்றார். தாடிக்காரர்கள் மூன்று கிழமையாகச் சொல்லாததை, கோப்பி குடிக்காத ஒருவர் மூன்று நிமிடத்தில் சொன்னார்.

அங்கேயே, கழற்றிப் போட்ட ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, இரண்டு பேரும் போனில் கிரைண்டர் பார்த்தோம். என் கையில் இருந்த காசுக்குள் மூன்று அகப்பட்டன. ஒன்றுக்கு மரத்தில் கைபிடி. எனக்கு அதில்தான் கண். "மரத்தக் காட்டுறான், உள்ளுக்குக் காட்டுறான் இல்ல," என்று அவர் அதைத் தள்ளிவிட்டார். அடுத்தது பெரிதாக இருந்தது. தண்டில் ஒரு பேரிங், மற்றப் பக்கம் பிளாஸ்டிக். அதுவும் போனது. மூன்றாவது, பார்க்கத் தண்ணிப் போத்தலின் அளவில், ஒரு அழகும் இல்லாத கறுப்புக் குழாய். ஆனால் விற்கிறவர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் படம் போட்டிருந்தார். இரும்புப் பல், மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங். படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்து, இத எடுங்க என்றார். விலை, சம்பளத்துக்கு மேல் எனக்கு வருகிற ஒரு மாத சர்வீஸ் சார்ஜில் பாதி. கொழும்பில் இருந்து சாமான் வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்றிருந்தது.

மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் பழைய கிரைண்டரை எடுத்து மிளகு போட்டு அரைத்துப் பார்த்தாள். பாதி கல், பாதி மாவு. இறைச்சிக்கு இப்படித்தான் வேண்டும் என்று அடுப்படித் தட்டில் வைத்துக்கொண்டாள்.

கறுப்புக் குழாய் ஐந்தாம் நாள் வந்தது. நான் உறையைக் கிழித்ததும் முதல் வேலையாகத் தண்டைப் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. சந்தோஷத்தில் மனைவியையும் கூப்பிட்டு ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். அவள் ஆட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கிழவரின் கொட்டையில் மிச்சம் இருந்தது நாலு கோப்பைக்கு. முதல் கோப்பைக்குத் தூள் ஒரே அளவாக, கடற்கரை மணல் மாதிரி விழுந்தது. அவள் போனில் நேரம் பார்த்து, ஒரு நிமிடமும் பத்துச் செக்கனும் என்றாள். இரண்டு பேரும் குசினியில் நின்றபடியே குடித்தோம். சீனி போட மறந்துபோனோம். அவள் கோப்பையை வைத்துவிட்டு, பதினொரு வருடமாக அந்த ஹோட்டலில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கிழவரின் கொட்டை முடிந்து, ஹோட்டல் சமையல்காரர் ஒருவர் மூலம் கண்டிப் பக்கத்துக் கொட்டை எடுக்கத் தொடங்கியிருந்தேன். வேலையில் என் மெஷினின் கோப்பியைக் குடித்துப் பார்த்தால் கருகிய தேங்காய்ச் சிரட்டை. கழிவுத் தட்டில் விழுந்த தூளை விரலில் தேய்த்துப் பார்த்தால் பாதி கல், பாதி மாவு. ஒரு காலையில் கொழும்பில் இருந்து வந்த ஒரு அம்மா, இந்தக் கோப்பி நல்லதா என்று சும்மாதான் கேட்டார். நானும் நேர்மையாகச் சொன்னேன். கொட்டை பழசு, மெஷினின் பல் தேய்ந்திருக்கிறது, நீங்கள் தேத்தண்ணி எடுங்கள். மனேஜர் பப்பாசிப்பழத் தட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளில் இருந்து என்னை நீச்சல் குளத்தடிக்கு மாற்றினார்கள். வருகிறவர்களுக்குத் துவாய் கொடுக்கிற வேலை. மூன்று கிழமை வெயிலில் நின்று துவாய் கொடுத்தேன். பட்டையில் பரிஸ்டா என்றே இருந்தது, அதை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் சொன்னபோது ஏசுவாள் என்று பயந்தேன். பிழையாக ஒன்றும் சொல்லவில்லையே, ஏன் பயப்படுகிறீர்கள் என்றாள். அது எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. மூன்று கிழமை முடிய மெஷின் திருத்துகிற ஆள் வந்து திறந்து பார்த்தார். பல் தேய்ந்துதான் போயிருந்தது. புதுப் பல் போட்டார்கள், என்னைத் திரும்பவும் பொத்தானுக்குப் பக்கத்தில் விட்டார்கள். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இதற்கிடையில் வீட்டில் ஒன்று நடந்திருந்தது. நான் குளத்தடியில் கருகிக்கொண்டிருந்த நாட்களில் அவள் கறுப்புக் குழாயைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். பல்லின் இடைவெளிக்கு எத்தனை கிளிக் திருப்பி வைத்தால் தூள் எப்படி வருகிறது என்று பழைய பள்ளிக்கூடக் கொப்பியொன்றில் எழுதிவைத்து, என்னை விட நல்ல கோப்பி போடத் தொடங்கிவிட்டாள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தால் கிரைண்டரும் இல்லை, குடுவையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். ஆசிரியர் ஓய்வறையில் இடைவேளைக்கு ஏழு பேர் காத்திருக்கிறார்களாம், பள்ளிக்கூட அதிபர்தான் சுத்துகிறாராம்.

எனக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"உங்களுக்கு அங்க மெஷின் இருக்கே. புதுப் பல்லும் போட்டாச்சு."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிரைண்டர் அவளுடைய பையில் வீட்டுக்கு வரும். சனியும் ஞாயிறும் என் முறை என்று பேசி வைத்திருக்கிறோம். சனியும் ஞாயிறும் ஹோட்டலில் ஆட்கள் கூடுதல், எனக்கு லீவு கிடையாது.