ராதாக்கா கடையில் முன்னாடியே வந்த சட்டம்

கிழக்கேகோட்டையில ராதாக்காவோட ஸ்டுடியோவுக்கு இன்னைக்கு மத்தியானம் போயிருந்தேன். கல்யாணத் தரகருக்குக் கொடுக்க எனக்கு ஒரு ஃபோட்டோ வேணும்.

எனக்கு முன்னால ஒருத்தர் ஃபோனை நீட்டினார். கூட வேலை பார்க்கிற பொண்ணோட படம். அவளும் அவரும் மாலை மாத்திக்கிற மாதிரி ஏ.ஐ.யில செஞ்சு தரணுமாம்.

"ஆபீஸ் குரூப்புல போடத்தான். சும்மா தமாஷ்."

அக்கா ஒரு நோட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினாங்க. "பேரு, நம்பர், என்ன மாத்தணும், படத்துல இருக்கிறவங்க சம்மதிச்சாங்களா. எல்லாம் உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க சாரே."

"இதுக்கெல்லாம் ஜெயில்னு சட்டம் கொண்டு வரணும்னு பேச்சுதானே நடக்குது? இன்னும் வரலையே?"

"அசெம்ப்ளியில வரும்போ வரட்டும். இந்தக் கடையில வந்தாச்சு."

மனுஷர் பேரையும் நம்பரையும் மளமளன்னு எழுதினார். சம்மதம்ங்கிற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்னுபோச்சு. எழுதினதையெல்லாம் அடிச்சுட்டு, படியிறங்கிப் போயிட்டார்.

நான் மனசுக்குள்ள கைதட்டினேன். அக்காவையே சட்டசபைக்கு அனுப்பலாம்னு தோணிச்சு.

அடுத்தது என் முறை. "அக்கா, முன்மண்டையில கொஞ்சம் முடி மட்டும் வெச்சுக் கொடுங்க. என் படம்தானே, எனக்குச் சம்மதம்."

அதே நோட்டு என் பக்கம் வந்தது.

"உன் சம்மதம் சரி தம்பி. இதைப் பார்த்துத் தலையாட்டப் போற பொண்ணோட சம்மதம்?"

வழுக்கையோடவே பிரிண்ட் போட்டு வாங்கிட்டு வந்துட்டேன். கீழே இருக்கு, பாருங்க.

நல்ல இடம் இருந்தா சொல்லுங்க. படம் அசல்; ராதாக்கா கேரண்டி.