குகன் அண்ணைக்குப் போர்த்திய பொன்னாடை

ஓர் அணிக்கு ஆள் சேர்க்க ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். அணியிலிருந்து ஓர் ஆளை அனுப்புவதற்குக் கல்நெஞ்சு வேண்டும். எனக்கு வாய்த்திருப்பதோ இடியப்ப மாவு. கோயில் சபையிலோ பழைய மாணவர் சங்கத்திலோ செயலாளராக மாட்டிக்கொண்டு, ‘இனி நீங்கள் வேண்டாம்’ என்று யாரிடமாவது சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்கு என் பாடு விளங்கும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வார நாட்களில் நான் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் கார் ஓட்டப் பழக்குகிறவன். பழக்குவதோடு என் வேலை முடிந்தது. ‘நீங்கள் பாஸாகவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது பரீட்சகர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெற்கு லண்டனில் ஓர் அமெரிக்கன் புட்போல் அணிக்கு உதவிக் கோச். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. யாழ்ப்பாணத்தான் அமெரிக்கன் புட்போலுக்கு எப்படிப் போனான் என்று கேட்காதீர்கள். கிரிக்கெட்டில் ஓட முடியாத உடம்போடு பிறந்தவனுக்கு இந்த ஊரில் வேறு போக்கிடம் இல்லை.

பந்தைத் தொடாதவர்

இந்த விளையாட்டில் பந்தைக் கையால் எறிவார்கள். எறிபவர் ஒருவர். அவருக்கு முன்னால் பருத்த மனிதர்கள் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். எதிரணி, எறிபவரை விழுத்த ஓடி வரும். இந்த ஐவரும் மறிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் வேலை. அவர்களில் இடது ஓரத்தில் நிற்பவர்தான் முக்கியம். எறிபவர் வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் அவருக்கு முதுகுப்பக்கம். அங்கிருந்து எவன் வருகிறான் என்பது இடி விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

எங்கள் அணியில் பதினாறு வருடமாக அந்த இடத்தில் நிற்பவர் குகன் அண்ணை. வயது நாற்பத்து மூன்று, எடை இருபது ஸ்டோன், கிலோவில் நூற்று இருபத்தேழு, தொழில் நிலத்தடி ரயில் ஓட்டுவது. ஒருமுறை டூட்டிங்கில் ஒரு பிறந்தநாள் விருந்தில் பெரியவர் ஒருவர் அவரிடம் எத்தனை கோல் அடித்தீர் என்று விசாரித்தார். ஒன்றும் இல்லை என்றார் அண்ணை. சரி, எத்தனை முறை பந்து கைக்கு வந்தது? வரவே கூடாது என்றார் அண்ணை. பெரியவர் அதிர்ந்துபோய் வடையைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த அண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “பதினாறு வருசமா விளையாடுறார், ஒருநாளும் பந்தைத் தொட்டதைக் காணேல்லை. தொடாத பந்துக்கு நான் ஏன் தம்பி இவ்வளவு சேத்து உடுப்புத் தோய்க்கோணும்?”

பிரவீனின் விலா

எங்கள் அணியில் பந்தை எறிபவர் பிரவீன். மதுரைக்காரர், அமெரிக்காவில் படிக்கப்போன இடத்தில் இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டு, இப்போது லண்டனில் கணினி வேலை செய்கிறார். போன மாதம் ஓர் ஆட்டத்தில் அவரை மூன்று முறை விழுத்தினார்கள். மூன்றும் குகன் அண்ணையின் பக்கத்திலிருந்து. மூன்றாம் முறை பிரவீன் எழும்பவில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள், ஆனால் விலாப்பக்கம் முழுவதும் கத்தரிக்காய் நிறம். தலைமைக் கோச் டெரெக், பஸ் கராஜில் மேற்பார்வையாளர், அதிகம் பேசாத மனிதர். அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, அடுத்த ஆட்டத்துக்கு முன் லீக்குக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்ப வேண்டும், குகன் அதில் இருக்கிறாரா இல்லையா என்பதை நீ முடிவுசெய், இல்லை என்றால் நீயே சொல்லிவிடு என்றார். முன்வரிசைக்குக் கோச் நான்தானே. திரும்பி உள்ளே போனால் பிரவீன் கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்தார். “அண்ணா, கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுவரைக்குமாவது என்னை முழுசா வெச்சிருங்க.”

சொல்லப்போன வீடு

ஆட்டத்தின் வீடியோவை வீட்டில் நாலு முறை பார்த்தேன். மைதானத்தின் பக்கவாட்டில் கமராவை வைத்து எடுத்தது. மூன்று முறையும் பிரவீனை விழுத்தியது குகன் அண்ணை மறிக்க வேண்டிய ஆள். மூன்று முறையும் அண்ணை ஓர் அடி பிந்திப்போய் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பதினாறு வருடம் மதில்மாதிரி நின்ற மனிதர். பார்க்கவே பொறுக்கவில்லை. வயது போய்விட்டது என்று முடிவுசெய்தேன்.

புதன்கிழமை பின்னேரம் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த ரஞ்சி அக்கா, அவர் பின்வளவில் என்றார். போய்ப் பார்த்தால், கவுன்சில் தந்த சக்கரம் வைத்த குப்பைத் தொட்டிக்குள் அரிசி மூட்டை இரண்டை இறக்கி, அதை எதிராளியாக நிறுத்தி, அண்ணை முதலடி எடுத்துவைத்துப் பழகிக்கொண்டிருக்கிறார். வியர்வை ஆறாக ஓடுகிறது. இந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? அதற்குள் மேசையில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் வந்துவிட்டன. ஒருவர் வீட்டில் கை நனைத்துவிட்டு அவரையே வேண்டாம் என்று சொல்லும் துணிவு எங்கள் பரம்பரையில் எவருக்கும் இருந்ததில்லை. நான் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து அண்ணை இன்னும் ஓர் அகப்பை கறி விட்டார். “வந்த விசயத்தைச் சாப்பிட்டுப்போட்டுச் சொல்லும். வெறும் வயித்தோட நல்ல சேதி சொல்லக்கூடாது.”

விழா எடுத்தேன்

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் ஆட்களில் ஒருவரை ஒதுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது, நீங்களும் கண்டிருப்பீர்கள். தலைவரை மாற்ற வேண்டும் என்றால் அவரோடு சண்டை பிடிக்க மாட்டோம். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி, சேவையைப் புகழ்ந்து, ஒரு கேடயத்தைக் கையில் கொடுப்போம். அடுத்த கூட்டத்தில் அவர் பார்வையாளர் கதிரையில் இருப்பார். யாரும் எதையும் சொல்வதில்லை, எல்லோருக்கும் விளங்கிவிடும்.

டூட்டிங்கில் ஒரு சிறிய மண்டபம் எடுத்தேன். கேடயத்தில் ‘பதினாறு ஆண்டு அருஞ்சேவை’ என்று பொறித்தேன். அதிகம் பேசாத டெரெக் ஐந்து நிமிடம் பேசினார். சுதன் மாலை போட்டான். சுதன் என் மனைவியின் தம்பி, இங்கே பிறந்து வளர்ந்தவன், வயது இருபத்தைந்து. முன்வரிசையில் குகன் அண்ணைக்குப் பக்கத்து இடம் அவனுடையது. நான்தான் அணிக்குக் கூட்டிவந்தேன். நான் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மூச்சுவிட்டேன். அண்ணை மைக்கை வாங்கினார். “இவ்வளவு பெரிய மரியாதை செய்துபோட்டியள். இதை வாங்கிக்கொண்டு வீட்டை சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. இன்னும் பத்து வருசத்துக்கு இந்த இடதுபக்கத்தை ஒருத்தருக்கும் விடமாட்டன்!”

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத டெரெக்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பிறகு என் காதோடு ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: “பாவம், எவ்வளவு அழகாக விடைபெற்றார், இல்லையா?”

ரஞ்சி அக்காவின் போன்

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குகன் அண்ணையின் பெயர் இல்லாமல் பட்டியலை லீக்குக்கு அனுப்பினேன். அதை அவருக்குச் சொன்னது வாட்ஸ்அப்பில். பதினாறு வருடத்துக்கு இரண்டு வரி. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

மறுநாள் ரஞ்சி அக்கா தேடி வந்தார். நான் பழக்கிக்கொண்டிருந்த பிள்ளையை இறக்கிவிட்ட கையோடு காருக்குள் ஏறி அமர்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போனை நீட்டினார். கனடாவில் இருக்கும் மாமியாருக்கு அனுப்புவதற்காக ஒவ்வோர் ஆட்டத்தையும் அவர் படம் எடுப்பது வழக்கமாம். எடுப்பது எங்கள் அணியின் முதுகுக்கு நேர் பின்னாலிருந்து. அங்கேதான் கதிரை போட்டு இருக்க நிழல் உண்டு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆளுக்கு மேல் ஆள் மறைக்கும். பின்னாலிருந்து பார்த்தால் ஐந்து முதுகும் தனித்தனியே தெரியும்.

பார்த்தேன். பிந்தியது குகன் அண்ணை இல்லை, சுதன். மூன்று முறையும் என் மச்சான் நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறான். அவன் மறிக்க வேண்டிய ஆள் அவனைத் தாண்டி நேராகப் பிரவீனிடம் போகிறான். குகன் அண்ணை ஒரு கையால் அந்த ஆளைப் பிடித்து நிறுத்துகிறார். அந்த ஒரு கணத்தில் அண்ணையின் சொந்த ஆள் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். முந்தைய ஆட்டங்களின் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஏழெட்டு ஆட்டமாக இதே கதை. மற்ற நாட்களில் இரண்டு பேரையும் அண்ணை பிடித்துவிட்டார், அன்றைக்கு மூன்று முறை முடியவில்லை, அவ்வளவுதான். இது அணியில் ஒருவருக்கும் தெரியவில்லை, முன்வரிசைக்குக் கோச்சான எனக்கும் தெரியவில்லை. வீடியோவை நாலு முறை பார்த்தவன் ஒரு முறைகூடச் சுதனைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும், என் மச்சான் பிழை விடுவானா?

“அக்கா, உங்களுக்கு இந்த விளையாட்டு விளங்குமா?” என்று கேட்டேன். “பந்து எங்க போகுதெண்டே எனக்குத் தெரியாது தம்பி,” என்றார் அக்கா. “நான் இவரை மட்டும்தான் எடுத்தனான்.”

நேருக்கு நேர்

அன்று பின்னேரமே குகன் அண்ணை வீட்டு வாசலில் போய் நின்றேன். இந்த முறை உள்ளே போகவில்லை. போனால் சாப்பாடு வந்துவிடும். பிழை என்னுடையது என்றேன். பட்டியலை மாற்ற நாளை மத்தியானம்வரை நேரம் இருக்கிறது என்றேன். பிறகு எனக்குக் கோபமும் வந்தது. ஏன் அண்ணை ஒரு சொல் சொல்லவில்லை? என்னை மேடையில் கோமாளியாக்கிப் பத்து வருடம் விளையாடுவேன் என்றீர்களே!

அண்ணை சிரிக்கவில்லை. “பொன்னாடை எதுக்கெண்டு எனக்கு அப்பவே விளங்கினது. எங்கட ஆக்கள் சும்மா போத்துவினமே? நான் வெளியில நிண்டால் பிரவீன்ர விலாவுக்கு ஆர் பொறுப்பு? அதுதான் மைக்கில அப்பிடிச் சொன்னனான். நீராவது வந்து ஏனெண்டு கேப்பீர் எண்டு பாத்தன்.” கதவுநிலையில் சாய்ந்துகொண்டு முழங்காலைத் தடவினார். “சுதன் உம்மட மச்சானெல்லோ தம்பி. எனக்குச் சொல்ல ஏலாமல் நீர் பொன்னாடை போத்தினீர். உமக்குச் சொல்ல ஏலாமல் நான் ரெண்டு பேரை மறிச்சனான்.”

மச்சானும் அக்காவும்

சுதனுக்கு விழா எடுக்கவில்லை. பயிற்சி மைதானத்தில் கூப்பிட்டு ரஞ்சி அக்காவின் படத்தைக் காட்டி, பட்டியலில் உன் பெயர் இல்லை, அடுத்த பருவத்துக்கு மறிக்கப் பழகிக்கொண்டு வா என்று முகத்துக்கு நேரே சொன்னேன். என் வாழ்க்கையில் முதல்முறை. வானம் இடிந்து விழவில்லை. அவன் கோபிப்பான் என்று நினைத்தேன். படத்தை இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தான். பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டான்: “அத்தான், என்ர அக்காவுக்குத் தெரியுமா?”

கடைசி விசில்

அடுத்த ஆட்டத்தில் சுதனின் இடத்தில் வேறொருவர் நின்றார். இடது ஓரத்தில் குகன் அண்ணை. விலாவில் பட்டி கட்டிக்கொண்டு வந்த பிரவீன் முதல் பாதியில் ஒவ்வோர் எறிக்கும் முன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் பாதியில் திரும்புவதை விட்டுவிட்டார். ஆட்டம் முடியும்வரை அவருடைய சட்டையில் சேறு படவில்லை. நாங்கள் தோற்றோம், அது வேறு கதை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை முழுசாகப் போவார்.

விசில் ஊதியதும் குகன் அண்ணை புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார். நான் பயந்துபோய் ஓடினேன். முழங்காலா, நெஞ்சா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தால் மனிதர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். “ஒராளை மட்டும் மறிக்கிறது இவ்வளவு சுகமெண்டு மறந்தே போனன் தம்பி.”

மூன்று வாரமாக என் வீட்டில் புட்டை நானே அவித்துச் சாப்பிடுவதால் தெரிந்துகொண்டது இது: அணியில் யாரை வைத்திருப்பது என்று நான் முடிவெடுக்கலாம், வீட்டில் என்னை வைத்திருப்பதா என்று முடிவெடுப்பவர் சுதனின் அக்கா.