கேட்டுக்கு வெளியே நின்ற அருள்பிரகாசம்

ராயபுரத்தில் அருள்பிரகாசத்தைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் வெளியூர்க்காரன். நாலாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஹார்பருக்குள் கப்பல் துரு தட்டுகிற வேலைக்குப் போன மனுஷன். தட்டித் தட்டியே மேஸ்திரி ஆனார். தனக்குக் கீழே ஒரு கூட்டம் ஆளை வைத்து வேலை வாங்கினார். சர்ச்சுக்குப் பின்சந்தில் மாடி வைத்து வீடு கட்டினார். ஒருத்தன் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. எல்லாம் சொந்த முதுகெலும்பு.

அவருடைய பெரிய சொத்து அந்த வீடுகூட இல்லை. எந்த கேட்டுக்குப் போனாலும் அங்கே அவருக்கு ஓர் ஆள் இருப்பான், அதுதான் சொத்து. ஹார்பர் கேட்டில் மாப்பிள்ளை முறையில் ஒருத்தன். பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் கூட வேலை செய்தவனுடைய மகன். புழல் ஜெயிலில் மனு போட்டு யாரையாவது பார்க்க வேண்டும் என்றாலும் தெரு ஜனம் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்டில் நிற்கிறவனிடம், "இன்னாபா, எந்த ஏரியா நீ? யாரு வூட்டுப் புள்ள?" என்று ஆரம்பிப்பார். ரெண்டு கேள்விக்குள் ஒரு உறவோ ஒரு சிநேகமோ வந்து விழும். கதவு திறக்கும். தலை முழுக்க நரைக்கிற வரைக்கும் திறந்தது.

அவருடைய கடைசித் தங்கச்சி ஃப்ளோரா. புருஷன் போன பிறகு மகள் டெபோராவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடிக்கே வந்து சேர்ந்தாள். மாடியில் பாதியை பிளைவுட் வைத்து மறைத்துக் கொடுத்திருந்தார். அவர் ஒரு நாளும் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. ஆனாலும் அவள் மனதில் ஒன்று இருந்தது. "எனக்குன்னு ஒரு கதவு வோணும்ணா. நானே பூட்டணும், நானே தொறக்கணும்" என்பாள். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு, ராத்திரி சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

காசிமேட்டில் இறால், அவர்கள் பேச்சில் எறா, உரிக்கிற ஷெட்டில் ஃப்ளோராவுக்கு வேலை. அவள் உரிப்பதைப் பார்க்க வேண்டும். தலையைக் கிள்ளினது தெரியாது, ஓட்டை உருவினது தெரியாது, வெள்ளையாக எறா மட்டும் கூடையில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு குளிர் நாட்டிலிருந்து மீன் ஃபேக்டரிக்காரர்கள் ஆள் எடுக்க வந்தபோது, ஷெட்டுப் பொம்பளைகளை வரிசையாக உட்கார வைத்து உரிக்கச் சொன்னார்கள். வந்தவர்கள் மற்றவர்களை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். முதல் பேர் அவளுடையது. அந்த நாட்டின் பேரைச் சொல்லப் போனால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஷெட்டில் அதற்கு 'மீன் ஃபேக்டரி நாடு' என்றே பேர்.

ஏஜென்டு உபைதுல்லா, வண்ணாரப்பேட்டைப் பையன், நல்லவன். வீட்டுக்கே வந்து விவரம் சொன்னான். "எம்பசி டெல்லியில கீது நைனா. இங்க நுங்கம்பாக்கம் பக்கத்துல அவங்க ஆபீஸ் ஒண்ணு. அங்க போயி அக்கா பத்து விரலும் மிஷின்ல வெக்கணும். ரேகை விழுந்தாத்தான் பேப்பர் டெல்லிக்குப் போவும். மாசக் கடைசிக்குள்ள விசா வந்துடணும். இல்லன்னா ஃபேக்டரிக்காரன் அந்த எடத்துக்கு வேற ஆளைப் போட்டுடுவான்."

"விரலு வெக்கறது ஒரு மேட்டராடா?" என்றார் அருள்பிரகாசம்.

"மேட்டருதான் நைனா. அக்கா கையைப் பார்த்தீங்களா?"

பார்த்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன நேரம். ஷெட்டில் எறா மலை மாதிரி கொட்டிக் கிடந்தது. ஐஸிலும் எறாத் தண்ணியிலும் ஊறி, எறாத் தலைக் கொம்பு குத்தி, ஃப்ளோராவின் விரல் நுனி எல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"புண்ணு இருந்தா மிஷின் எடுக்காது. விரலை நல்லா ஆத்திக் கூட்டினு வாங்க" என்று சொல்லிவிட்டு உபைதுல்லா போனான்.

ஆற்றுவதற்கு டாக்டர் எதற்கு? விரல் புண்ணுக்கு ஷெட்டில் காலங்காலமாக ஒரே வைத்தியம், மருதாணி. அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி வைத்து, துணி சுற்றிப் படுத்தால் காலையில் எரிச்சல் அடங்கும், ரெண்டாம் நாள் தோல் இறுகும். அருள்பிரகாசமே சர்ச்சு காம்பவுண்டு ஓரத்தில் போய் கொத்தாக ஒடித்து வந்தார். ஃப்ளோராவுடன் ஷெட்டில் உட்காருகிற ஜஸீமா வந்து அரைத்து வைத்தாள்.

"அண்ணாத்த, பாருங்க, உங்க தங்கச்சி விமானத்துல போவும்போது புதுப்பொண்ணு மாதிரி போவும்!"

"அத்த வுடு. அழுத்தி வை, நல்லா பிடிக்கட்டும்" என்றார் அவர்.

நன்றாகவே பிடித்தது. புண் இருந்த இடம் தெரியாமல் ஆறிவிட்டது. பத்து விரல் நுனியும் கருஞ்சிவப்பாக மின்னியது.

போகிற நாளன்று அருள்பிரகாசம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஆபீஸ் வாசலில் கண்ணாடிக் கதவு, அதற்கு முன்னால் இரும்பு கேட்டு, கேட்டில் ஒரு செக்யூரிட்டி. பேப்பர் இருக்கிற ஆள் மட்டும் உள்ளே, கூட வந்தவர்கள் ரோட்டோரம், செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஃப்ளோரா போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"இன்னாபா, எந்த ஏரியா நீ?"

"கொடுங்கையூரு. பேரு ராமதாஸ்."

"அட! நம்ம பக்கம்!" அவருக்கு முகம் மலர்ந்தது. "அப்ப ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வுடு. தங்கச்சி கூட நின்னுட்டு வந்துர்றேன். பயந்த சுபாவம் அதுக்கு."

ராமதாஸ் சிரித்தான். கிண்டல் இல்லை, அலுத்துப் போன சிரிப்பு. "நைனா, இந்த கேட்டுக்கு நான் காவல்தான். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி நானே போவக் கூடாது. தாகம் எடுத்தாலும் பின்பக்கம் சுத்தித்தான் போவணும். நீ அந்த மரத்தாண்ட நில்லு, வெயிலு ஏறுது."

மரத்தடியில் போய் நின்றார். அவருக்கு என்னவோ போல இருந்தது. ஆள் கிடைத்தும் கதவு திறக்காதது அவருக்கு அதுதான் முதல் தடவை.

ஃப்ளோரா சீக்கிரமே வந்துவிட்டாள். கை ரெண்டையும் முந்தானைக்குள் மறைத்திருந்தாள்.

"மருதாணி இருந்தா எடுக்க மாட்டாங்களாம்ணா. அங்க சுஜான்னு ஒரு பொண்ணு, நல்ல பொண்ணுதான். 'என்னக்கா, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தீங்களா, மருதாணி கூடாதுன்னு போர்டுல போட்டிருக்கே'ன்னு கேட்டுது. இங்கிலீஷ்ல போட்டிருந்தா எனக்கு இன்னா தெரியும்? வெச்சுப் பார்த்தோம். மிஷின் சிவப்பு லைட்டே காட்டுது."

"புண்ணுக்கு வெச்சதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். அதுக்குப் புரியுது. மிஷினுக்குப் புரியலியே."

அவர் விறுவிறுவென்று கேட்டுக்குப் போனார். மேனேஜரைக் கூப்பிடு என்றார். தான் யார் என்று சொன்னார். ஹார்பரில் அத்தனை வருஷம் மேஸ்திரியாக இருந்ததைச் சொன்னார். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. அவர் சத்தமும் உள்ளே போகவில்லை.

"நைனா, கத்தினா என் வேலை போயிடும்" என்று ராமதாஸ் மெதுவாகச் சொன்னான். அவர் மரத்தடிக்குத் திரும்பினார்.

உபைதுல்லா எப்படியோ அடுத்த வாரத்துக்கு ஒரு தேதி வாங்கிக் கொடுத்தான். மருதாணி ஒரு வாரத்தில் தானாகப் போகுமா? ஃப்ளோரா எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள், சோப்புத் தண்ணியில் ஊறவைத்தாள். நிறம் அசையவில்லை. அருள்பிரகாசம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் எழுந்து பிளீச்சிங் பவுடரையும் கால் தேய்க்கிற கல்லையும் கொண்டு வந்தார்.

"கையைக் குடு பாப்பா. கப்பல் தகட்டுல ஊறிப் போன துருவையே எடுத்தவன் நானு."

"எரியும்ணா..."

"கொஞ்ச நேரம். பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது முள் எடுக்கக் கை நீட்டின மாதிரியே நீட்டினாள். அவர் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். நிறம் போனது, உண்மை. அதோடு தோலும் போனது. டெபோரா மேலே ஏறி வந்து அம்மா கையைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா இப்படிப் பண்ட்டீங்க!" என்று கத்தினாள். அப்போதுதான் அவர் கல்லைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரமும் அதே மரத்தடி. அதே வெள்ளைச் சட்டை, ஆனால் கஞ்சி இல்லை. ஃப்ளோரா வெளியே வந்து சொன்னாள்: "நாலு விரலு எடுத்துச்சாம். மிச்சத்துல ரேகையே இல்லியாம். சுஜா பொண்ணு என் கையைத் துடைச்சித் துடைச்சி வெச்சிப் பார்த்துச்சு. பின்னாடி நின்னவங்க எல்லாம் சத்தம் போட்டாங்க. 'ஆறினப்புறம் வாங்கக்கா'ன்னு சொல்டுச்சு."

மூன்றாவது தேதி மாசக் கடைசிக்கு முந்தின நாள்தான் கிடைத்தது. "அன்னிக்கே ரேகை எடுத்துட்டா, டெல்லியில சொல்லி அவசரமா பார்க்கச் சொல்லலாம். ஃபேக்டரிக்காரன்கிட்டயும் கொஞ்சம் டைம் கேக்குறேன் நைனா" என்றான் உபைதுல்லா. "அதுவரைக்கும் அக்கா கையைச் சும்மா வெச்சிகினு இருக்கச் சொல்லுங்க. தண்ணியே படக் கூடாது."

சும்மா இருக்கிற கையை ஃப்ளோரா அதுவரை பார்த்ததே இல்லை. அவளுக்கு அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மடியில் வைப்பாள், எடுப்பாள், ஜன்னல் கம்பியைப் பிடிப்பாள். அருள்பிரகாசம் காவல். துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கினார். குழாயடிக்குப் போனால் பின்னாலேயே போனார். அவரே குடம் தூக்கி மாடிக்கு ஏற்றினார். தெருவே வேடிக்கை பார்த்தது. டெபோரா காலேஜுக்குப் போகும் முன்னால் சோறு பிசைந்து அம்மாவுக்கு ஊட்டிவிட்டுப் போனாள்.

ஜஸீமா ஒரு நாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். "அக்கா, நான்தான் கெடுத்துட்டேனா?"

"போடி பைத்தியம். நீயா கெடுத்தே? உள்ள வா."

"ஷெட்டுல உன் எடத்துல யாரையும் உட்கார வுடலக்கா."

அவள் ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் ஃப்ளோராவின் முகம் சுருங்கியதை அருள்பிரகாசம் கவனித்தார். அந்த இடத்தை விட்டு எழுந்து போகத்தானே இத்தனை பாடும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அதெல்லாம் போயிடும். இந்த வாட்டி நான் பார்த்துக்கறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார்? அவருக்கே தெரியாது. பழக்க தோஷத்தில் வந்துவிட்டது.

மூன்றாவது முறை போகும்போது ஃப்ளோராவின் விரல்கள் யாரோ பணக்கார வீட்டுப் பொம்பளையின் விரல்கள் மாதிரி இருந்தன. பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடிக்கவில்லை, அண்ணன் தோளில் முழங்கையை மாட்டிக்கொண்டு நின்றாள். கேட்டில் ராமதாஸ் அவளைப் பார்த்ததும் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தான். "இன்னிக்கு எடுத்துரும்மா, போ" என்றான். போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவர் மரத்தடியில் நின்று ஜெபமாலை சொல்லத் தொடங்கினார். பாதி போயிருக்கும், ஃப்ளோராவின் போன் அடித்தது.

"நைனாவா? அக்கா இல்லியா?" உபைதுல்லா குரல் இறங்கியிருந்தது. "ஃபேக்டரியில இருந்து பேசினாங்க நைனா. விசா கையில இருக்கறவங்களை வெச்சே லிஸ்டை முடிச்சிட்டாங்களாம். அக்கா எடத்துக்கு ஆள் போட்டாச்சாம். நான் எவ்வளவோ கேட்டேன்."

"யாரைப் பார்க்கணும்? சொல்லுடா. நான் வந்து பேசறேன்."

"யாரை நைனா பார்ப்பீங்க? அவன் எங்கியோ கடலுக்கு அந்தாண்ட உக்காந்துகினு இருக்கான்."

"இன்னும் ஒரு நாள் கீதேடா."

"அவங்களுக்கு இல்ல நைனா. அடுத்த வருஷம் எடுத்தா மொதல் ஆளா அக்காவைச் சொல்றேன்."

போனை அணைத்துப் பையில் போட்டார். மறுபடி எடுத்துப் பார்த்தார். ராமதாஸ் தூரத்திலிருந்து, "இன்னா நைனா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார்.

கண்ணாடிக் கதவு திறந்தது. ஃப்ளோரா ஏறக்குறைய ஓடி வந்தாள். கேட்டைத் தாண்டும் முன்பே பத்து விரலையும் விரித்துத் தூக்கிக் காட்டினாள்.

"எல்லாம் பச்சைண்ணா! ஒண்ணு வுடாம பச்சை! சுஜா பொண்ணு கை தட்டுச்சு. பக்கத்து கவுண்டர்க்காரங்ககூட எட்டிப் பார்த்தாங்கோ. 'அக்கா, உங்க ரேகைதான் இன்னிக்கு நம்பர் ஒன்'னு சொல்லுது!"

அவர் அந்த விரல்களையே பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் கத்துவார், ராமதாஸைக் கட்டிப் பிடிப்பார், டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. அவர் கையிலிருந்த தன் போனைப் பார்த்தாள்.

"யாரு பேசினாங்க?"

"உபைதுல்லா."

"இன்னா சொன்னான்?"

எத்தனையோ கேட்டுகளில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கதை பேசின வாய். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்ல வரவில்லை. "ஆள் போட்டுட்டாங்களாம் பாப்பா" என்றார்.

ஃப்ளோரா தூக்கின கையைக் கீழே இறக்கினாள். அழவில்லை. ராமதாஸ் தலையைத் திருப்பிக்கொண்டான். பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போனது. ரெண்டு பேரும் ஏறவில்லை.

"ஏண்ணா," என்றாள் கடைசியில், "இன்னிக்குப் போட்டெல்லாம் வந்துடுச்சா?"

"வந்திருக்கும்."

"அப்ப இப்பவே போனா சாயங்கால எறாவுக்கு உக்காந்துடலாம்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அடுத்த பஸ்ஸுக்குக் கையைக் காட்டினது அவள்தான். இந்த முறை கம்பியை இறுக்கிப் பிடித்து ஏறினாள்.