உங்க ஊட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஓட்டக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். வேர்த்து வழியும் முகங்கள், சேறு படிந்த ஷூக்கள், யார் எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்ற பெருமை. நான் எதையும் முழுசாகப் படிக்க மாட்டேன். வரிசையாக எல்லாவற்றுக்கும் நெருப்புப் படம் போட்டுக்கொண்டே போவேன். போன மாதம் ஒரு ஞாயிறும் அப்படித்தான் போட்டேன். போட்ட பிறகுதான் படித்தேன். "ஸ்டெல்லா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். அடக்கம் நாளை, வாழவந்தியில்." அவசர அவசரமாக அந்த நெருப்பை அழித்தேன்.

சில நாள் காய்ச்சல். ஏற்காடு மலையிலிருந்து கீழே சேலத்துக்குக் கொண்டு வந்தும் பிழைக்கவில்லை. "ஓடி ஓடித்தான் இப்படி ஆயிருச்சு" என்று இணையத்தில் சிலர் எழுதினார்கள். அவர்களோடு அன்றைக்கே சண்டை போட்டு முடித்துவிட்டேன். இங்கே அக்காவைப் பற்றி மட்டும் பேசலாம்.

அக்காவைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. ஏற்காட்டில் நடக்கும் அரை மாரத்தானில் கடைசிக் கொடியைப் பிடித்து ஓடுகிறவர் அவர். இருபத்தோரு கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதுகில் ஒரு சின்னக் கொடியைக் கட்டிக்கொண்டு சரியாக அந்த நேரத்துக்கு அக்கா வந்து சேருவார். கொடிக்கு முன்னால் வந்தவர்களுக்குப் பதக்கம். பின்னால் தங்கியவர்களை வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். மற்ற நாட்களில் அக்காவே ஒரு வேன் டிரைவர்தான், பள்ளிக்கூட வேன். வாழவந்தியில் ஊடு.

முதலில் வருகிறவர்களுக்கு ரசிகர்கள் இருப்பது சகஜம். கடைசியாக வருகிறவருக்கு ரசிகையாக இருந்தவள் அநேகமாக நான் ஒருத்திதான். அக்காவின் ஓட்டங்களை ஆப்பில் பின்தொடர்ந்தேன். யாரோ எடுத்துப் போட்ட வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு வெளியிட்டேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. இவரால் உண்மையில் எவ்வளவு வேகமாக ஓட முடியும்? எந்த வீடியோவிலும் அக்காவுக்கு மூச்சு வாங்காது. எல்லா ஓட்டமும் ஒரே நிதானம். குரூப்பில் இதைப் பற்றி எத்தனை வாக்குவாதம்! "அவங்களுக்கு அவ்வளவுதான் ஓட வரும்" என்றார் ஒருவர். நான் வீடியோவை மெதுவாக ஓட்டி, அக்காவின் பாதம் தரையில் எவ்வளவு நேரம் படுகிறது என்று பார்த்து, இல்லவே இல்லை என்று நீளமாக எழுதினேன். கடைசியில் அக்காவிடமே கேட்டேன். "உங்க பெஸ்ட் டைம் என்னங்க அக்கா?" உடனே பதில் வந்தது. "மூணர மணி நேரம் கண்ணு. முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல." கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

எப்படி ஓடுவது என்பதை வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். கிட்டார், படம் வரைவது, கொரியன் மொழி எல்லாமே அப்படித் தொடங்கியவைதான். எல்லாமே பாதியில் நின்றவையும்தான். அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்றதும் என் அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தான். "உனக்குன்னே பாத்து வெச்சிருக்கானுங்க பாரு. அரையாம்! அதுலயும் பாதியில வந்துருவ." அம்மா அதட்டினார். ஆனால் அம்மாவுக்கும் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். ஒரே ஒரு காரியத்தையாவது முடித்துவிட்டு வந்து இவர்கள் முன்னால் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஓட்டத்தன்று விடிந்தும் விடியாத பனியில் ஏற்காட்டுப் பள்ளி மைதானத்திலிருந்து கிளம்பினோம். நான் கொடியை ஒட்டியே ஓடினேன். அங்கேதான் அக்காவின் அந்தக் கேள்வியை முதல்முறை கேட்டேன். எனக்கு முன்னால் தொந்தியோடு ஓடிக்கொண்டிருந்த ஒருவரிடம் அக்கா கேட்டார்.

"ஏனுங்க, உங்க ஊட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?"

"ஞாயித்துக்கெழமைங்களே, கறிக்கொழம்புதானுங்க. சம்சாரம் மொளகு தூக்கலாப் போடுவா. எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதையும் கேக்க மாட்டா."

"அப்ப நல்லா ஓடுங்க."

பக்கத்தில் ஓடிய பெண் அதே கேள்விக்கு "சாம்பார்" என்று ஒற்றைச் சொல்லில் திணறினார். "நீங்க நடங்க" என்றார் அக்கா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் மூச்சு இருக்கிறது, ஓடலாம். ஒற்றைச் சொல் வந்தால் மூச்சு தீர்ந்தது, நடக்க வேண்டும். நான் இணையத்தில் இதற்காகப் படித்த கட்டுரைகள் எத்தனை! அக்காவுக்கு ஒரு குழம்பு போதுமாக இருந்தது.

என் முறை வந்தது. அம்மா தட்டப்பயிறு ஊற வைத்ததிலிருந்து தொடங்கி, கத்திரிக்காய்க்கு அண்ணனை மார்க்கெட்டுக்கு விரட்டியது வரை கதையாகச் சொன்னேன். "இந்தப் புள்ள அடுத்த மாரத்தானையும் சேர்த்து ஓடிரும்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

கரடியூர்ப் பக்கம் போய்த் திரும்பிய பிறகு நிலைமை மாறியது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே அந்தச் சாலை ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அக்கா மறுபடி கேட்டார்.

"கண்ணு, தட்டப்பயிறு கொழம்புக்குத் தேங்கா அரைப்பீங்களா?"

"ம்."

"நட சாமி."

"நடந்தா... கொடி..."

"கொடி போவும். நான் வேன் ஓட்டறவ. ஒரு புள்ளைக்குன்னு நின்னா, உள்ள உக்காந்திருக்கற மத்த புள்ளைங்களுக்குப் பெல் அடிச்சுரும்."

போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சின்னக் கொடி வளைவில் மறைகிற வரை பார்த்துக்கொண்டே நடந்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். இத்தனை வீடியோ போட்டேனே, எனக்காக ஒரு நிமிடம் நின்றால் என்ன?

கடைசி ஏற்றத்தின் அடியில் வேன் வந்து என் பக்கத்தில் நின்றது. கதவு திறந்தது. உள்ளே போர்வை போர்த்திக்கொண்டு சிலர். "ஏறுங்க பாப்பா, டைம் முடிஞ்சுருச்சு" என்றார் டிரைவர். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணனின் சிரிப்பு காதில் கேட்டது. ஏறுவதா வேண்டாமா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அப்போது மேட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். அதை ஓட்டம் என்று சொல்வதே குறைவு. இறக்கத்தில் காலை ஊன்றுகிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று மிரண்டு தோட்டத்துக்குள் பாய்ந்தது. முதுகில் கொடி இல்லாததால் பக்கத்தில் வரும்வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா! கொடியை நேரத்துக்குக் கொண்டு சேர்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். வந்து நின்றவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. விட்ட இடத்திலிருந்து பேசினார்.

"கத்திரிக்கா மட்டுந்தானா, முருங்கக்காயும் போடுவீங்களா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "முருங்கக்கா... போடுவோங்க" என்றேன்.

"எப்பப் போடுவீங்க? பயிறு வெந்ததுக்கு அப்பறமா? சொல்லிக்கிட்டே நட."

வேன் கதவு சாத்தப்பட்டது. ஏற்றம் முழுக்கக் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். மைதானத்தில் முடிவுக் கோட்டின் காற்றடைத்த வளைவை மடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் காற்று போய் அது தொங்கிக் கிடந்தது. "குனிஞ்சு வா கண்ணு, தல இடிக்கும்" என்றார் அக்கா. நான் என் முதல் அரை மாரத்தானைக் குனிந்துகொண்டுதான் முடித்தேன். பதக்கம் கிடையாது. முடித்தவர்கள் பட்டியலிலும் என் பேர் வரவில்லை.

என் கேள்வியை மட்டும் நான் விடவில்லை. "அக்கா, இப்ப எறங்கி வந்தீங்களே, எவ்வளவு ஸ்பீடுங்க?"

அக்கா மணிக்கட்டைத் திருப்பி, அணைந்து கிடந்த வாட்ச்சைக் காட்டினார். "கொடிய எறக்கனதும் வாட்ச்ச அமத்திட்டனே. அப்பறம் ஓடறது எனக்குங்க."

குரூப்பில் எழுதினேன். ஆதாரம் எங்கே என்று கேட்டீர்கள். யாரும் நம்பவில்லை. போகட்டும், அந்த ஆடு நம்பும்.

வீட்டில் அண்ணன் கேட்டது ஒன்றுதான். "பதக்கம் எங்க?" போய்ப் படுத்துவிட்டேன். முடித்தேனா இல்லையா என்பது அன்றிலிருந்து எனக்கே சந்தேகமாக இருந்தது.

அடக்கத்தன்று உங்களில் பலர் வாழவந்திக்கு வந்திருந்தீர்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து, மண் போட்டுவிட்டு, அக்காவின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்தோம். நான் பேர் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"பேரு சொன்னா எனக்குத் தெரியாது சாமி. உங்க ஊட்ல என்ன கொழம்பு?"

அக்காவின் அதே கேள்வி. சொன்னேன். "தட்டப்பயிறுங்க அண்ணா."

"முருங்கக்கா போட்டதா?"

"ஆமாங்க."

அவர் என் கையை விடவில்லை. "நீதானா அந்தப் புள்ள! அன்னைக்கு ஊட்டுக்கு வந்து ஷூவக்கூடக் கழட்டல. 'ஏனுங்க, இன்னைக்கு ஒரு புள்ள, கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு ஏறு ஏறுங்கறாங்க, வேனுல ஏறவே மாட்டேன்னு நின்னுச்சு'ன்னு நொம்பப் பெருமையாச் சொன்னா. அன்னைக்கு ராத்திரி எங்க ஊட்ல உங்க கொழம்புதான். முருங்கக்கா வாங்க நானே டவுனுக்குப் போனேன்."

ஏறுவதா வேண்டாமா என்று நான் நின்ற அந்த நிமிடம் மேட்டின் உச்சியிலிருந்து அக்காவுக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

எனக்குப் பின்னால் கறிக்குழம்புக்காரர் நின்றிருந்தார். "மொளகு தூக்கலா?" என்று கேட்டார் சேவியர் அண்ணன். அவ்வளவு பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். அப்புறம் சாம்பார் அக்கா. எல்லோரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்குச் சமைக்கத் தெரியாதாம். ஓடிவிட்டு வந்து, யார் வீட்டில் என்ன என்று ஒப்பிப்பாராம். அதில் ஒன்றை அன்றைக்கு இவர் அடுப்பில் ஏற்றுவாராம்.

மூச்சைப் பார்க்கக் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பதிலையும் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். உங்க ஊட்ல என்னங்க அக்கா என்று திருப்பிக் கேட்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

என் அண்ணனிடம் இப்போது சொல்லிவிட்டேன், நான் முடித்தேன் என்று. ஆதாரம் கேட்டான். வாழவந்தியில் ஒரு வீட்டில் ஒரு நாள் நம் வீட்டுக் குழம்பு கொதித்தது என்றேன். அவனுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. ஒன்று அந்தக் கேள்வி. இந்த ஞாயிறு ஏற்காட்டுக்குப் போய் அந்தக் கடைசி ஏற்றத்தில் தனியாக ஓடினேன். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாததால் நானே சத்தமாகச் சொன்னேன். "எங்க ஊட்ல இன்னைக்குப் பச்சப்பயிறு கடைசலுங்க அக்கா, அம்மா பூண்டு தட்டிப் போட்டுத் தாளிச்சாங்க, அண்ணன் பாதிய வழிச்சுத் தின்னுட்டான்." ஒரே மூச்சில் வந்தது.

இன்னொன்று, வாட்ச்சை அமத்துவது. உச்சியில் நின்று நானும் அமத்தினேன். அதன் பிறகு இறக்கத்தில் ஓடினேன். எவ்வளவு வேகம் என்று குரூப்பில் யாரும் கேட்காதீர்கள்.