முசுடு என்று பெயரெடுத்தவள்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் முசுடு என்று சொல்வதில்லை. டென்ஷன் என்கிறார்கள், அதற்கு மாத்திரைகூட இருக்கிறதாம். கோபம் வரும், போகும். முசுடு போகாது. காலையில் பல் விளக்கும்போதே முகத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

எழுபதுகளில் எங்கள் நாமக்கல் பக்கம் ஆண்களுக்கு அது ஏறக்குறையப் பட்டம். லாரிப் பட்டறை மேஸ்திரி முசுடு என்றால் வேலை சுத்தம் என்று அர்த்தம். கல்யாணமாகாத பெண்ணைச் சொன்னால் மட்டும் வரன் வாசலோடு திரும்பிவிடும். என்னை ஊரே சொன்னது. இரண்டு வரன்கள் திரும்பியும் விட்டன. மூன்றாவது ஜேடர்பாளையத்திலிருந்து வந்தபோது அம்மா, "இந்தத் தடவையாச்சும் வாயை மூடிக்கிட்டு இரு சாமி" என்று கெஞ்சினாள். இருந்தேன், நான்கு நாள்.

முறைப்படி பெண் பார்க்க வருமுன், மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளை ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பெண் வேலை செய்வதைப் பார்த்துப் போவது வழக்கம். ஐந்தாம் நாள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். கரண்டு போவதற்குள் முடிக்க வேண்டும். ஆடு தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஓர் அம்மாள் நேராக வந்து வாய்க்கால் கரையை மிதித்து உடைத்தார். நனைந்த பாத்திக்கே தண்ணீர் மறுபடி பாய்ந்தது.

"ஏனுங்க, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? அக்கட்டால தள்ளிப் போங்க!"

எங்கள் ஊரில் திட்டினாலும் 'ங்க' உண்டு. நான் கரையை அடைத்து முடிக்கும் வரை அவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வந்தது மாப்பிள்ளையின் அம்மா என்று சாயங்காலம் பக்கத்துத் தோட்டத்து அத்தை வந்து சொன்னாள். அவளிடமும் விசாரித்தாராம். "நான் பொய் சொல்லலீங்கக்கா. புள்ள நல்லாப் பாடுபடும், ஆனா முசுடுன்னுட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வந்ததே என்று கோபமும் வந்தது.

மறு வாரம் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார்கள். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா சமையல்கட்டுக்கு வந்தபோது நான் கேட்டேவிட்டேன்: "முசுடுன்னு தெரிஞ்சுமா வந்தீங்க?"

அவர் வாசலில் இருந்த தன் வீட்டுக்காரரை எட்டிப் பார்த்தார். காப்பி ஆறிப்போய்விட்டதென்று அந்த மனுஷர் தன் தம்பியை அதட்டிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் கண்ணு வந்தேன். இவரைக் கட்டி முப்பது வருசமாச்சு. ஒரு நாள்கூட நான் எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லை." என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கூட்டுக்கு வந்து நீ பேசு சாமி. நான் உம்பட பக்கத்துல நின்னுக்கறேன்."