முன் சீட்டில் இரண்டு பேர்

என் வீட்டுக்காரர் லொறி ஓட்டுகிறார் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள். குடி இருக்குமோ, கண்ட சகவாசம் இருக்குமோ என்று அவர்கள் முகத்திலேயே கேள்வி ஓடும். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. அவரிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம் சட்டம். அதோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

ஹட்டனைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் தேயிலைத் தூள் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவதுதான் அவருடைய வேலை. கினிகத்தேனை இறக்கத்தில் மற்ற சாரதிகள் நியூட்ரலில் போட்டு லொறியை உருளவிட்டு டீசல் மிச்சம் பிடிப்பார்கள். இவர் கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்குவார். திரும்பி வரும்போது உரம் நாலு மூட்டை கூடுதலாக ஏற்றினால் வண்டி இழுக்காதா என்று கேட்டால், "இழுக்கும், நிக்காது" என்பார். இந்த வாயாலேயே இரண்டு முதலாளிமார் இவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது முதலாளி திட்டிக்கொண்டே வைத்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிடிவாதம், பின்னால் ஆள் ஏற்றுவதில்லை என்பது. எங்கள் தோட்டங்களில் லொறி என்றால் பாதி பஸ். திருவிழா, சாவு வீடு, சடங்கு என்று எதுவானாலும் பின்பலகையை இறக்கி ஜனங்களை ஏற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம். ஏற்றாத சாரதிக்குக் கர்வம் பிடித்தவன் என்று பெயர். இவருக்கு அந்தப் பெயர் எப்போதோ கிடைத்துவிட்டது. ஒருமுறை ஆள் ஏற்றிய லொறி ஒன்று ஒரு வளைவில் கவிழ்ந்து கிடந்தபோது, முதலில் போய் நின்றது இவருடைய லொறிதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தன் சட்டையைத் தானே துவைத்தார்.

எங்கள் மகளுடைய கல்யாணம் மழைக்காலத்தில் வந்தது. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பேசி, துணிமணி எல்லாம் எடுத்த பிறகு முறிந்துபோயிருந்தது. அதனால் தாலி ஏறுகிறவரைக்கும் இந்தக் கல்யாணத்தை நம்ப நான் தயாராக இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வட்டவளைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். முகூர்த்தம் காலையில், எங்கள் தோட்டத்துக் கோயிலில். முந்தின நாள் பெய்த மழையில் மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறுகிற பாதை சேறும் குழியுமாகிவிட்டது. வண்டியின் அடி தரையில் தட்டும் என்று சொல்லி, அவர்கள் வந்த பஸ்ஸின் சாரதி அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார். தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதை இருக்கிறது. ஆனால் மழையில் அட்டைப் பூச்சி மொய்க்கும். பட்டுச் சேலையோடு யார் ஏறுவார்கள்?

உயரமான வண்டி ஏறும். இவருடைய லொறி கோயில் பக்கத்தில் காலியாக நின்றது. முதலாளிக்குப் போன் போட்டு அனுமதி கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே முதலாளியின் சத்தம் கேட்டது.

"எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஒரே நடையா ஏறுய்யா. இத போயி கேட்டுக்கிட்டு!"

இவர் போனை வைத்துவிட்டுக் கீழே போனார். திரும்பி வந்தபோது முன் சீட்டில் இரண்டு கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒருவரும் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏங்க, ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? ரெண்டு ரெண்டு பேரா ஏத்துனா முகூர்த்தம் என்னாத்துக்கு ஆகும்? இன்னைக்கு ஒரு நாளு ஏத்துனா ஒங்க சட்டம் செத்தா போயிரும்?"

"முன்னால ரெண்டு பேருக்குத்தான் சீட்டு புள்ள," என்றார்.

"இந்த எடமும் போனா ஒங்க மக காலம் பூரா வீட்டுல தான் குந்தணும், தெரியுமா?"

அதற்கு அவர் முகம் சுருங்கிப்போனது. லொறியைத் திருப்பினார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சூடாகிறது.

கீழே நடந்ததைப் பிறகு மாப்பிள்ளைதான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருடைய தாய்மாமன் சத்தம் போட்டிருக்கிறார். "லொறி பூரா காலியா கெடக்கு. எங்கள இப்பிடி மழையில நிக்க வைக்கிறீங்களே, நாங்க என்னா ஆட்டுக்குட்டியா?"

"ஆட்டுக்குட்டின்னா பின்னால ஏத்தியிருப்பேன் சம்பந்தி," என்றாராம் இவர்.

கல்யாணம் அங்கேயே நின்றிருக்க வேண்டியது. தாய்மாமன் பஸ்ஸைத் திருப்பச் சொல்லிவிட்டார். அப்போது மாப்பிள்ளை குடையோடு லொறிப் பக்கம் வந்து, அடுத்த இரண்டு பேரை, அவருடைய பெரியம்மாவையும் அத்தையையும், கைகொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார். "நீங்க போயிட்டு வாங்க மாமா, நான் கடைசியா வர்றேன்," என்று சொன்னாராம். மாப்பிள்ளையே நிற்கிறேன் என்று சொன்ன பிறகு மற்றவர்கள் எப்படித் திரும்புவது? பொறுமை இல்லாத இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி, காலில் அட்டையோடு கோயிலுக்குள் வந்து குதித்தார்கள். எங்கள் லயத்து வீட்டுப் பெண்கள் உப்பை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஐயர் நேரத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தார். கடைசி நடையில் மாப்பிள்ளையும் தாய்மாமனும் வந்து இறங்கினார்கள். முகூர்த்தம் முடிகிற தறுவாயில் தாலி ஏறியது. தாலி கட்டும்போது இவர் கையில் ஸ்டியரிங் கறுப்பு அப்படியே இருந்தது. நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

சாயந்திரம் மழை விட்டிருந்தது. பாதி ஜனம் நடந்தே இறங்கிவிட்டது. மீதிப் பேரை இவர் பழையபடி கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கடைசியாக மகளும் மாப்பிள்ளையும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். எனக்கு இடமில்லை. பெற்ற பிள்ளையைப் பஸ் வரைக்கும் கொண்டுபோய் விடாமல் எந்தத் தாயால் நிற்க முடியும்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின் டயரில் காலை வைத்தேன்.

"நான் பின்னால ஏறிக்கிறேன். என்னையும் ஒரு தேயிலச் சாக்குன்னு நெனைச்சுக்குங்க."

அவர் கதவைத் திறந்து இறங்கி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. இன்றைக்காவது இளகிவிட்டார் என்று நினைத்தேன்.

"எறங்கு புள்ள," என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து வந்தது. வாய்க்கு வந்தபடி ஏசினேன். மகள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு முன்னால் போய் என்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"எல்லாரும் எறங்குங்க. நடந்து போவோம்."

மகள் முதலில் குதித்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நாலு பேரும் அந்தச் சேற்றில் இறங்கினோம். வழுக்குகிற இடத்தில் அவர் என் கையைப் பிடித்தார். லயத்துச் சனமெல்லாம் பார்த்துச் சிரித்தது. கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைத் தொட்டதில்லை. விடுங்க என்றேன், விடவில்லை.

மகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் வளைவில் மறைகிறவரை நின்றோம். திரும்பி மேலே ஏறும்போது வழுக்கவில்லை. அப்போதும் அவர் என் கையை விடவில்லை.