ஆறு மணிக்கு மேல் கரண்ட் விலை கூடுதல்

மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவரைப் பார்த்து நாய் குரைக்கும். மீட்டரைப் பற்றி விளக்கம் சொல்ல வருகிறவரிடம் அந்த வேலையை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். இன்ஷூரன்ஸ், தண்ணீர் ஃபில்டர், கணக்கெடுப்பு என்று எதற்காகவாவது அடுத்தவர் வாசலில் நின்று தொண்டை வறளப் பேசியிருந்தால், இதைப் படிக்கும்போது நீங்கள் நடுநடுவே தலையாட்டுவீர்கள். அந்த அனுபவம் இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், சிரித்துவிட்டுப் போங்கள்.

விஷயம் இதுதான். வெயில் காயும் நேரத்தில் சூரிய மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் எல்லாமே ஓடுவதால் பற்றாக்குறை. அதனால் காலை ஒன்பதிலிருந்து நாலு வரை கரண்ட் விலை குறைவு, ஆறிலிருந்து பத்து வரை கூடுதல், மற்ற நேரம் எப்போதும்போல. விருப்பப்பட்ட வீடுகளில் மட்டும் புது மீட்டர் மாட்டி மின்வாரியம் சோதனை பார்க்கிறது. பிடிக்காவிட்டால் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம். இதை விளக்க ஒரு தனியார் கம்பெனி ஆள் எடுத்தது. ஒன்பது வருடம் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு மல்லுக்கட்டிய நான் சேர்ந்துகொண்டேன். அங்கேயும் கத்தல்தான், இங்கேயும் கத்தல்தான். இங்கே பரீட்சைத் தாள் திருத்த வேண்டாம். என் பெயர் ஸ்டெல்லா, ஆனால் ஊருக்கு நான் இன்னும் டீச்சர்தான்.

கையில் ஒரு அட்டை கொடுத்தார்கள். விலை குறைவான நேரம் பச்சை, சாதாரண நேரம் மஞ்சள், கூடுதல் நேரம் சிவப்பு. அறுபது வீடுகளைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்களைத் தக்கவைப்பதும் என் பொறுப்பு. தீபாவளி சீசன் முடியும்போது எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே போயிருந்தால் எங்கள் பக்கம் சோதனையை மூடிவிடுவார்கள், என் வேலையும் அதோடு சரி. என் வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். காலண்டர் சீசன் இல்லாத மாதங்களில் வீடு ஓடுவது என் சம்பளத்தில். அதனால் ஐம்பது என்ற எண்ணை நான் ஜெபத்தில்கூடச் சேர்த்துக்கொண்டேன்.

மணியடித்த வீடு

முதலில் சேர்ந்தவர் சூலக்கரைப் பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் விளக்கியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, நான் சொன்னதை என்னைவிடத் தெளிவாக எனக்கே விளக்கினார். பழைய தொழில் பாசத்தில் எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

இரண்டு வாரம் கழித்துப் போனால் சமையலறைச் சுவரில் டைம்டேபிள் தொங்குகிறது. முதல் பீரியட் மோட்டார், இரண்டாவது கிரைண்டர், மூன்றாவது வாஷிங் மெஷின், சாப்பாட்டுக்குப் பின் இஸ்திரி. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, பிரிவு உபசார விழாவில் கொடுத்த பித்தளை மணியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து கணகணவென்று அடித்தார். உள்ளே அவர் மனைவி பாதிச் சட்டையோடு இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு வந்து என்னைப் பார்த்தார்: "இவுக ரிட்டயர் ஆனதுல எனக்கு இருந்த ஒரே நிம்மதி, மணிச் சத்தம் ஓய்ஞ்சதுதான். அதையும் வந்து கெடுத்துட்டீகளே, டீச்சர்!"

தள்ளுபடி எம்புட்டு?

சிவகாசியில் ஒரு பட்டாசு வியாபாரி வீடு. நாலு ஏசி ஓடுகிற வீடு கிடைத்தால் சோதனைக்கு நல்லது என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி அந்த வருட விலைப்பட்டியலின் புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தார். நான் பாதி சொல்வதற்குள்ளேயே, "புரிஞ்சு போச்சு. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு வெலை, பிந்தின வாரம் ஒரு வெலை. அதான?" என்றார். அத்தனை சுருக்கமாக எனக்குப் பயிற்சி கொடுத்தவர்களே சொன்னதில்லை.

சந்தோஷமாகப் படிவத்தை நீட்டினேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கையெழுத்துப் போட்டார்தான், ஆனால் யோசனை சொல்லாமல் போடவில்லை: "ஒங்க ஆபீஸ்காரங்களுக்கு யாவாரமே தெரியலம்மா. மொதல்ல ரேட்டை அஞ்சு மடங்கு ஏத்தி அச்சடிக்கணும். அப்புறம் எம்பது பர்சென்ட் தள்ளுபடின்னு கொட்டை எழுத்துல போடணும். ஊரே ஓடி வந்து கியூவுல நிக்கும்!"

பகல் தூக்கம்

எந்த விளக்கமும் தேவைப்படாத ஒரே வாடிக்கையாளர், விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். பகலில்தான் தூங்குவார், பகலில்தான் ஏசி. சாயங்காலம் ஆறரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விடுவார். இந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் அவரைப் பார்த்துத்தான் வகுத்திருக்க வேண்டும். முதல் பில்லை வெளிச்சத்தில் பிடித்து மேலும் கீழும் பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு சொன்னார்: "இருபது வருசமா ராத்திரி முழிச்சதுக்கு, ஒரு கவர்மென்ட்டு பேப்பர் எனக்கு நல்லது செஞ்சிருக்கு டீச்சர். இதை பிரேம் போட்டு மாட்டப் போறேன்."

சரியாக ஒன்பது மணி

ஆமத்தூரில் ஒரே தெருவில் பதினாலு வீடு சேர்ந்தது. தனித்தனியாகச் சொன்னால் தொண்டை போகும் என்று கூட்டம் போட்டுச் சொன்னேன். ஒன்பதிலிருந்து நாலு வரை எப்போது வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம் என்று மூன்று தடவை சொன்னேன். அவர்கள் காதில் விழுந்தது ஒன்பது மட்டும்தான்.

முதல் நாள் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு வீட்டில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டம்மா ஒரு கையை மோட்டார் சுவிட்சிலும் இன்னொரு கையை கிரைண்டர் சுவிட்சிலும் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டிலும் அதே நிலைமை. ஒன்பது அடித்தது. போர் மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஒரே நொடியில் உயிர் பெற்றன. அடுத்த நொடி தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் டப்பென்று ஒரு சத்தம். தெரு மொத்தமும் அமைதியாகி, எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. வேலையை முடித்துவிட்டு வந்த வயர்மேன், வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மழை பெஞ்சு பீஸ் போயிருக்கு, காத்தடிச்சுப் போயிருக்கு, காக்கா ஒக்காந்து போயிருக்கு. கூட்டம் போட்டுப் பேசி பீஸ் போனது இதான் மொதத் தடவை, டீச்சர்."

சிவப்பு

அந்தக் கோபத்தில் ஆமத்தூரில் மூன்று வீடு கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறியது. மிச்சம் ஐம்பத்தேழு. அதில் பன்னிரண்டு எம். புதுப்பட்டியில், ஒரே தெருவில் இருந்தன. எல்லாம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்களின் வீடுகள். காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும். அதாவது கரண்ட் மலிவாக இருக்கும் நேரம் பூராவும் வீட்டில் ஆளில்லை. ஆள் இருக்கும் நேரம் பூராவும் விலை கூடுதல். இது அவர்களுக்கு ஒத்துவராது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எண்ணிக்கை நிரம்ப வேண்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமை மாவரைத்துக்கொள்ளலாம், துணி துவைத்துக்கொள்ளலாம் என்று பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிவாக்கில் அந்தத் தெருவுக்குப் போனேன். பாக்கியம் என்கிற பெண்ணும் இன்னும் மூன்று பேரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டாசுக்குள் போகும் வெடிப்பொடியை அங்கே மருந்து என்பார்கள். அந்த மருந்து முழங்கை வரை சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. எதிலும் படாமல் கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையோடு அடுப்புப் பக்கம் போகக் கூடாது. குளித்த பிறகுதான் சமையல். "இன்னும் குளிக்கலையா?" என்று கேட்டேன். தொட்டியில் ஏற்றிய தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். மோட்டார் போட, பத்து மணி ஆகட்டும் என்று காத்திருந்தார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால் மணி நேரம் மோட்டார் ஓடினால் கூடுதலாக ஆவது ஒரு டீக்காசுகூட இல்லை, தாராளமாகப் போடுங்கள் என்று படபடத்தேன். பாக்கியம் சுவரில் ஒட்டியிருந்த என் அட்டையை முகவாயால் காட்டினார்: "ஆறுலருந்து பத்து வரைக்கும் செவப்புல போட்டுருக்கீகளே, டீச்சர். கம்பெனில செவப்புக் கோடு போட்டிருந்தா, அதைத் தாண்டிக் கால் வைக்க மாட்டோம். பதினெட்டு வருசமா தாண்டாததுனாலதான் இன்னைக்கு ஒங்ககிட்ட ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன்."

பன்னிரண்டு படிவம்

மோட்டார்கள் ஓடின. அவர்கள் குளித்து முடிக்கும்வரை பாக்கியம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்தக் கைகளைப் பற்றி நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை, வீடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பையிலிருந்து பன்னிரண்டு படிவங்களை எடுத்து வைத்தேன். இவர்கள் போனால் நாற்பத்தைந்து. போகட்டும் என்று முடிவு செய்தேன்.

தலையில் துண்டோடு வந்த பாக்கியத்திடம், "இது ஒங்களுக்குச் சரிப்படாது, எல்லாரும் கையெழுத்துப் போட்டு வெளிய வந்திருங்க" என்றேன். அவர் படிவத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "நாங்க வெளிய வந்தா ஒங்க வேலை என்னாகும்?" "அதுக்கு ஒண்ணும் ஆகாது." "போயிரும்ல?" நான் ஃபேனைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். படிவங்களை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பாத்துட்டுச் சொல்றோம், மொதல்ல சாப்பிட்டுப் போங்க. ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல, அம்புட்டுப் புள்ளைகளையும் எப்படித்தான் மேச்சீகளோ!"

பூட்டிய வீட்டில் கரண்ட்

மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. படிவத்தை நீட்டிவிடுவார்களோ என்ற பயம்தான். அப்போது சூலக்கரை மின்வாரிய ஆபீசிலிருந்து உதவிப் பொறியாளர் கூப்பிட்டார். எம். புதுப்பட்டியில் பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பன்னிரண்டு வீடுகளில் பதினோரு மணியிலிருந்து கரண்ட் ஓடுகிறது, அதுவும் வரிசையாக ஒரு வீட்டைத் தொட்டு அடுத்த வீடு என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது, யாரோ திருடுகிறார்கள் என்றார். வயர்மேனையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மூன்றாவது வீட்டுக்குள்ளிருந்து கிரைண்டர் சத்தம் வந்தது. பொறியாளர் வாயில் விரலை வைத்து எங்களை அமர்த்திவிட்டுப் பூனை மாதிரி நடந்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது செல்வி. அதே தெருக்காரி, வீட்டிலிருந்தபடியே பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவள். இடுப்பில் சணலில் கோத்த பன்னிரண்டு சாவி. ஒவ்வொரு வீடாகத் திறந்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் போட்டு, அந்தந்த வீட்டு வேலையை அந்தந்த வீட்டுக் கரண்டிலேயே முடித்துக் கொடுக்கிறாள். பதிலுக்கு அவளுக்கு ராத்திரிச் சமையல் கிடையாது. நாளுக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு. ஏற்பாடு பாக்கியத்துடையது. பொறியாளர் தொண்டையைக் கனைத்து, "யாரும்மா நீ? என்ன பண்ற?" என்று அதிகாரமாக ஆரம்பித்தார். செல்வி அவர் கையில் ஒரு சாவியைத் திணித்தாள்: "வெவரமெல்லாம் பெறகு சொல்றேன் சார். நாலாவது வீட்டுத் தொட்டி நெறைஞ்சிருக்கும், தண்ணி வழிஞ்சா அந்த அக்கா என்னையத்தான் வைவாக. ஓடிப்போயி மோட்டாரை நிப்பாட்டிட்டு வாங்க!"

சேவு வாங்கிக்கொண்டு போன கதை

தீபாவளி முடிந்தது. என் கணக்கில் ஐம்பத்தேழு வீடும் அப்படியே நின்றது. எங்கள் பக்கம் சோதனை தொடரும், என் வேலையும் இன்னும் ஒரு வருடத்துக்கு உண்டு என்று கடிதம் வந்தது. அன்றைக்கே சாத்தூர் காராச்சேவு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு எம். புதுப்பட்டிக்கு பஸ் ஏறினேன். கம்பெனிக்கு விடுமுறை என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக இம்புட்டுச் சிரமப்பட்டிருக்கீக" என்று சொல்லும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சேவுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "மொத ரெண்டு நாளு ஒங்களுக்காகத்தான் செஞ்சோம் டீச்சர், பொய் எதுக்கு. ஆனா பகல்ல ஏத்துன தண்ணி வெயில்ல காஞ்சு, ஆறு மணிக்குக் கொழாயத் தொறந்தா சுடுதண்ணியா ஊத்துது. மருந்தும் ஒரே தேய்ப்புல போகுது, தோள்வலியும் போகுது. இனிமே நீங்க வேலையை விட்டாலும் நாங்க இதை விட மாட்டோம்."

ஆக, நான் வாசல் வாசலாகக் கொண்டுபோனது மலிவுக் கரண்ட், அவர்கள் எடுத்துக்கொண்டது வெந்நீர், நடுவில் பிழைத்தது என் வேலை.